எட்டாவது குப்பி

பிலோமி இறந்து மூன்று மாதத்துக்குள் அவளுடைய வாசனை அந்த வீட்டை விட்டுப் போய்விட்டது. மிச்சமிருந்த ஒரே இடம் ஒரு கிழட்டு நாயின் தலை.

யாரையும் குறை சொல்ல முடியாது. எல்லாரும் அவரவர் செய்ய வேண்டியதைத்தான் செய்தார்கள். மகள் மெர்சி தோகாவிலிருந்து வந்து சேர இரண்டு நாளாகும் என்றதும் பக்கத்து வீட்டுச் சேவியர் போன் போட்டு ஐஸ் பெட்டியை வரவழைத்தான். அடக்கம் முடிந்து திரும்பிய அன்றே பெண்கள் வீடு முழுக்கப் பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டார்கள். முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் சேலைகளை மடித்து அட்டைப்பெட்டியில் வைத்துக் கோயிலுக்குக் கொடுத்தார்கள். தலையணையை எரித்தார்கள். மெத்தையை மொட்டை மாடியில் போட்டார்கள். தூத்துக்குடி வெயிலில் ஒரு வாரம் கிடந்த மெத்தையில் எது மிஞ்சும்?

அவள் கணவர் டைட்டஸ் அப்போது எதையும் கவனிக்கிற நிலையில் இல்லை. ஒரு நாள் காலையில், ஏனென்று தெரியாமல், அலமாரியைத் திறந்து அவளுடைய தட்டுக்குள் முகத்தை விட்டார். பாச்சை உருண்டை நெடி மட்டும் வந்தது. முப்பத்தொரு வருடம் கூடவே இருந்தவள் அன்றைக்குத்தான் நிஜமாகப் போனாள் என்று அவருக்குத் தோன்றியது.

அவர் துறைமுகத்தில் இழுவைக் கப்பலின் எஞ்சின் டிரைவராக இருந்தவர். ஆளில்லா இழுவைக் கப்பல்கள் வந்த வருடம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிலோமி கடைசிவரை மக்ரூன் போடும் பேக்கரி ஒன்றில் வேலை பார்த்தாள். முட்டையின் வெள்ளைக் கருவும் சர்க்கரையும் முந்திரித் தூளும் நாள் முழுக்க அவள் மேல் படிந்துகொண்டே இருக்கும். பொட்டலம் கட்டுகிற ரப்பர் பேண்டுகளை இடது மணிக்கட்டில் வளையல்போல மாட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்துவிடுவாள். சாயங்காலம் ஐந்தரைக்கு அவள் கேட்டைத் திறந்ததும் நாய் மூன்று சுற்றுச் சுற்றி, ஒரு தும்மல் போட்டு, அந்த மணிக்கட்டைப் பல் படாமல் வாயில் கவ்விக்கொள்ளும். அப்படியே சமையலறைக்கு இழுத்துப் போகும். "பொறு ராசா, செருப்பக் கழத்திக்கிடுதேன்" என்பாள். ஒரு நாளும் அது பொறுத்ததில்லை. உடைந்த மக்ரூன் ஒன்று கிடைத்த பிறகுதான் கையை விடும்.

நாயின் பெயர் சுண்டல். பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் கடற்கரையில் பிலோமி கீழே போட்ட சுண்டல் காகிதத்தை நக்கிக்கொண்டே பின்னால் வந்து, அப்படியே ஆட்டோவிலும் ஏறிவிட்ட குட்டி. அவள் இருந்தவரை டைட்டஸை அது வீட்டில் கிடக்கும் இன்னொரு நாற்காலியாகத்தான் மதித்தது. அவர் கூப்பிட்டால் வாலை ஒரு முறை ஆட்டும். அதோடு சரி.

துக்கத்துக்கு வந்தவர்களைப் பார்த்துக் குரைக்கிறது என்று அதைச் சேவியர் வீட்டு மாடியில் கட்டிப்போட்டிருந்தார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் டைட்டஸுக்கு மனம் கேட்கவில்லை. தானே போய் அவிழ்த்து, கூட்டத்தை விலக்கி, ஐஸ் பெட்டியருகே கூட்டிக்கொண்டு வந்தார். சுண்டல் கண்ணாடி மூடியை முகர்ந்தது. இதற்கு முன் எத்தனை வீடுகளுக்குப் போய்வந்த பெட்டியோ, எதைப் போட்டுத் துடைத்திருந்தார்களோ, ஒரு தும்மல் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிறகு கூட்டத்தின் கால்களுக்கிடையே நுழைந்து போய்க் கேட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தது. மணி ஐந்தரை. பெட்டிக்குள் கிடப்பவள் யாரோ, தன்னுடைய ஆள் இனிமேல்தான் வருவாள் என்பதுபோல.

அதைப் பார்த்துத்தான் அன்றைக்கு நிறையப் பேர் அழுதார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம், ஒரு நாள் தவறாமல், ஐந்தரைக்குச் சுண்டல் கேட்டுக்குப் போனது. இருட்டும்வரை இருந்துவிட்டுத் திரும்பி வந்தது. டைட்டஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நாயின் மீது அவருக்குப் பரிதாபமும் இருந்தது, பொறாமையும் இருந்தது. அதற்கு இன்னும் வருவதற்கு ஒருத்தி இருந்தாள்.

*

பாளையங்கோட்டை ரோட்டில், இறந்தவர்களின் வாசனையை அவர்களுடைய நாயின் நினைவிலிருந்து எடுத்துத் தரும் மையம் ஒன்று திறந்தபோது பெயர்ப்பலகையில் ஏதோ நீளமான பெயர் எழுதியிருந்தது. ஊர் அதற்கு மோப்ப சென்டர் என்று பெயர் வைத்தது.

செண்பகவல்லி என்ற கோவில்பட்டிப் பெண்தான் அங்கே மிஷினைக் கவனித்துக்கொண்டாள். இருபத்தைந்து வயதிருக்கும். முதல் நாள் டைட்டஸை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னாள்.

"நாய் சும்மா படுத்துக் கெடந்தா எங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது ஐயா. அது நினைக்கணும். அம்மாவோட குரல் பதிவு கொண்டுவரச் சொன்னோம்லா, அதை மெதுவா காதுக்குள்ள விடுவோம். தலைப்பட்டையும் ஒரு தூண்டு தூண்டும். நாய் அவங்கள நினைக்கும். நாம மூஞ்சிய நினைக்கிற மாதிரி அது வாசனைய நினைக்கும். அதை மிஷின் படிச்சி, அதே மாதிரி கலந்து குப்பியில பிடிச்சிக் குடுத்துரும்."

"அவனுக்கு வலிக்குமாம்மா?"

"வலிக்காது. ஆனா தேயும்."

அவர் புரியாமல் பார்த்தார்.

"ஆல்பத்துலேர்ந்து ஒரு பழைய போட்டோவ வெளிய எடுக்கீங்கன்னு வைங்க. பாத்துட்டு மறுபடி சொருகுதீங்க. ஒவ்வொரு தடவையும் ஓரம் மடங்கும், எடுத்தவங்க விரல் ரேகை படியும். நினைவும் அப்படித்தான். வெளிய வந்தது வந்த மாதிரியே உள்ள போகாது. சின்ன நாய்னா முப்பது நாப்பது தடவ தாங்கும். இவனுக்கு வயசாயிட்டு. எட்டு, கூடிப்போனா ஒம்பது. அதுக்கு மேல போனா வாசனை உங்ககிட்ட இருக்கும், நாய்கிட்ட இருக்காது."

டைட்டஸ் சுண்டலைப் பார்த்தார். அது மேசைக்கடியில் படுத்துக் காலை நக்கிக்கொண்டிருந்தது. மூன்று போதும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். படிவத்தின் கடைசியில் 'நாயின் சார்பில்' என்று இன்னொரு கோடு இருந்தது. அதிலும் அவர்தான் போட்டார்.

ஒரு விஷயத்தில் மட்டும் தகராறு வந்தது. உள்ளே நாய் தனியாகத்தான் இருக்க வேண்டும். சொந்தக்காரர்கள் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கலாம். தலைப்பட்டையைக் கட்டியதும் சுண்டல் நடுங்க ஆரம்பித்தது. கண்ணாடியைப் பார்த்து ஒரு மாதிரி முனகியது. டைட்டஸ் எழுந்து கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"ஒரு தடவ அவனக் கண்ணாடிக்கு வெளிய நிப்பாட்டிட்டேன்மா. இன்னொரு தடவ மாட்டேன்."

செண்பகவல்லி சிறிது நேரம் யோசித்தாள். விதியில் அப்படி இல்லை என்றாள். பிறகு, தைலம், பவுடர், வாசனைச் சோப்பு எதுவும் இல்லாமல் வருவதாக இருந்தால் பார்க்கலாம் என்றாள். அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் டைட்டஸ் வெறும் தண்ணீரில் குளித்து, அலசிய சட்டை போட்டுப் போனார். தரையில் உட்கார்ந்து நாயின் தலையை மடியில் வைத்துக்கொள்வார். காதுக்குள் பிலோமியின் குரல் போகும்போது சுண்டலின் மூக்கு துடிக்கும். வால் தரையைத் தட்டும். கண் மூடியே இருக்கும்.

முதல் குப்பியை அவர் சமையலறையில் வைத்துத் திறந்தார். சுண்டுவிரல் அளவு கண்ணாடிக் குப்பி. ஒரு மூச்சு இழுத்தார். முந்திரி, அடுப்பில் லேசாகத் தீய்ந்த சர்க்கரை, ரவிக்கை வியர்வை, நல்லெண்ணெய், இவற்றுக்கெல்லாம் அடியில் அவர் அடியோடு மறந்துபோயிருந்த ரப்பர் பேண்ட் நெடி. அவர் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். ரப்பர் பேண்டை அவராக ஒரு நாளும் நினைத்திருக்க மாட்டார்.

*

இந்த மையங்கள் வந்த பிறகு ஊரில் சில விஷயங்கள் மாறின. துக்க வீட்டில் முதலில் விசாரிக்கப்படுவது நாய் என்றானது. இறந்தவரோடு பத்து வருடம் இருந்த நாய்கள் இரவோடு இரவாகக் காணாமல் போயின. ஒரு முறை காத்திருக்கும் அறையில் ஏரலிலிருந்து வந்த அண்ணனும் தங்கையும் ஒரு கொழுத்த பொமரேனியனை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு சண்டை போட்டார்கள். ஆளுக்கு எத்தனை முறை என்பதுதான் வழக்கு.

"அம்மா இருக்கும்போது ஒரு நாள் எட்டிப் பாத்தியா? இப்ப மோந்து பாக்க வந்துட்ட" என்றான் அண்ணன்.

"நீ மட்டும் பக்கத்துலயே இருந்து கிழிச்ச. நாய்க்காவது சோறு வச்சியா? இது கொழுத்தது அம்மா வச்ச சோத்துல."

நாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்து நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கியது.

இதைவிட மோசமானது ஒன்று இருந்தது. சாவின் வாசனை நாயின் மூக்கில் ஏறிவிட்டால் நினைவு கலங்கிவிடும், குப்பி சரியாக வராது என்று பேச்சு பரவியது. அதனால் சாகக் கிடப்பவர்களிடம் அவர்களுடைய நாய்களை விடுவதை நிறுத்தினார்கள். அடுத்த தெரு ஞானமுத்து வாத்தியார் கடைசி நான்கு நாளும் தன்னுடைய நாயைக் கேட்டுக்கொண்டே இருந்தாராம். பிள்ளைகள் அதைச் சித்தப்பா வீட்டில் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

டைட்டஸ் இதைக் கேட்டு அன்று சாப்பிடவில்லை. ஆனால் மூன்றாவது குப்பி தீர்ந்ததும் நான்காவதற்குப் போனார். ஒரு குப்பி பத்து மூச்சு. தினம் ஒன்று என்று வைத்தாலும் பத்தே நாள்.

சுண்டல் எப்படி இருக்கிறது என்று செண்பகவல்லி கேட்கும்போதெல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார். சிறுநீரகம் சுருங்குகிறது, இனிப்பைக் காட்டவே கூடாது என்று மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார். பல்லில் பாதி விழுந்துவிட்டது. அதோடு சில புதுப் பழக்கங்கள் வந்தன. இரண்டு வருடமாக வாசல் பக்கமே படுத்தது இப்போது அவருடைய கட்டிலடிக்கு வந்தது. குளியலறைக்குப் போனால் கதவுக்கு வெளியே உட்கார்ந்து முனகியது. பேப்பர் படிக்கும்போது பாதத்தின் மேல் தாடையை வைத்துக்கொண்டது. வயதாகிவிட்டால் நாய்க்கும் ஒரு துணை தேவைப்படுகிறது என்று நினைத்துக்கொண்டார். அதைத் தனியே விட்டுவிட்டு அவர் எங்கேயும் போவதில்லை. கடை சாமான் எல்லாம் சேவியர்தான் வாங்கி வந்தான். ஞாயிற்றுக்கிழமைப் பூசையைக்கூட டிவியில் பார்த்தார்.

ஐந்தாவது குப்பியில் தீய்ந்த சர்க்கரை இல்லை. ஆறாவதில் முந்திரி இல்லை. ரப்பர் நெடி மட்டும் எங்கோ ஒரு நூலிழைபோல இருந்தது. ஏழாவதைத் திறந்தால் மூக்குக்கு எதுவுமே தட்டவில்லை. காற்று கொஞ்சம் கனத்ததுபோல, வீட்டுக்குள் பத்திரமாக இருப்பதுபோல ஓர் உணர்வு மட்டும் வந்தது. அதையே பிலோமி என்று வைத்துக்கொண்டார்.

அதே நாட்களில் கேட்டருகே நடந்ததையும் அவர் பார்த்தார். ஐந்தாவதுக்குப் பிறகு சுண்டல் ஆறு மணிக்குத்தான் போனது. ஆறாவதுக்குப் பிறகு பாதி வழி போய் நின்றது, எதற்கு வந்தோம் என்று மறந்துபோனவர்கள் நிற்பதைப்போல. பிறகு திரும்பி வந்து அவருடைய பாதத்தில் தாடையை வைத்துக்கொண்டது. ஏழாவதுக்குப் பிறகு போகவே இல்லை.

முதல் நாள் அவர் நாயைக் கேட்டுக்குக் கூட்டிப்போனார். "பாருடா, மணி ஆச்சுடா" என்று தெருவைக் காட்டினார். அது அவருடைய முகத்தையே பார்த்தது. இரண்டாம் நாள் அவர் தனியாகப் போய் அது உட்காரும் இடத்தில் நின்றார். தன்னைப் பார்த்தாவது வரும் என்று நினைத்தார். வந்தது. வந்து அவர் காலடியில் சுருண்டு படுத்துத் தூங்கியது.

பக்கத்துச் சுவருக்கு மேலே சேவியரின் தலை தெரிந்தது. "என்ன அண்ணே, அவனுக்கு ரிட்டயர்மென்ட் குடுத்துட்டு அந்த டூட்டிய நீங்க பாக்கேளா?"

அவன் விளையாட்டுக்குத்தான் கேட்டான். டைட்டஸ் குனிந்து நாயின் தலையைத் தொட்டார். அவள் சாகவில்லை என்று நம்புகிற உயிர் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்று இருந்தது. அதன் தலைக்குள் கையை விட்டு அவளைப் பிடுங்கித் தின்றுவிட்டோம் என்றுதான் அவருக்குத் தோன்றியது.

*

அதோடு நிறுத்தியிருப்பார். அந்த வாரம் மெர்சி போன் செய்தாள்.

குப்பி விஷயத்தை அவர் மகளிடம் மறைத்திருந்தார். சொன்னால் தனக்கும் ஒன்று கேட்பாள் என்று தெரியும். சேவியர் மனைவி சொல்லிவிட்டாள். மெர்சி கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. மெதுவாகக் கேட்டாள்.

"எனக்கு ஒண்ணு அனுப்புங்கப்பா. நான் வந்து பாக்கும்போது அம்மா ஐஸ்கட்டி மாதிரி இருந்தாங்க. நெத்தியில முத்தம் குடுத்தேன். உதடு ஒட்டிக்கிச்சு. இப்பவும் அம்மான்னு நெனச்சா அந்தச் சில்லுதான்ப்பா வருது."

நல்ல குப்பிகள் நான்கையும் மிச்சமில்லாமல் மூக்கால் குடித்துத் தீர்த்தாகிவிட்டது என்று அவர் எப்படிச் சொல்வார்? அனுப்புகிறேன் என்றார்.

செண்பகவல்லி வேண்டாம் என்றாள். ஏழாவது முறையிலேயே திரையில் வந்த கோடுகள் ரொம்ப மாறிவிட்டன, என்னவென்று தனக்கே விளங்கவில்லை என்றும் தலைமை அலுவலகத்துக்கு எழுதியிருப்பதாகவும் சொன்னாள். அவர் மகளைப் பற்றிச் சொன்னார். ஐஸ் பெட்டியைப் பற்றிச் சொன்னார். அவள் தலையைக் குனிந்துகொண்டு பட்டையை எடுத்தாள். டைட்டஸ் தரையில் உட்கார்ந்து நாயை மடியில் போட்டுக்கொண்டார். பிலோமியின் குரல் போனபோது இந்த முறையும் வால் தட்டியது. அதுதான் அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. மறந்துபோன நாய் எதற்கு வாலை ஆட்டுகிறது?

எட்டாவது குப்பியை அவர் திறக்கவே இல்லை. சேவியரின் மச்சான் ஒருவன் தோகாவுக்குப் போனான். பஞ்சில் சுற்றி அவனிடம் கொடுத்துவிட்டார்.

நான்காம் நாள் காலை மெர்சி கூப்பிட்டாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"தெறந்தியாம்மா?" என்றார் டைட்டஸ். "ஒண்ணும் வரலல்லா? நான் பாவி. நான்தான்..."

"அப்பா, இது நீங்கப்பா."

"என்ன?"

"இது அம்மா வாசனை இல்ல. உங்க வாசனை. சின்னதுல ஸ்கூட்டர் பின்னால உக்காந்து உங்க முதுகுல மூஞ்சிய வச்சிக்கிட்டு வருவேன்லா. அந்த முதுகு. அப்படியே அதேதான்ப்பா. குப்பி நெறைய நீங்கதான் இருக்கீங்க." அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "அம்மா இருக்காங்க. ரொம்ப அடியில, ரப்பர் பேண்ட் மாதிரி ஏதோ ஒண்ணு. ஆனா மேல எல்லாம் நீங்கதான். நீங்க மோந்து பாக்கலையா?"

*

அன்று மதியம் அவர் சுண்டலைச் சேவியரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தனியாகப் பாளையங்கோட்டை ரோட்டுக்குப் போனார். நாய் இல்லாமல் அவர் வெளியே போய் எத்தனையோ மாதமாகியிருந்தது. மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஏரல் தங்கை தனியாக உட்கார்ந்திருந்தாள். மடியில் நாய் இல்லை.

செண்பகவல்லி பழைய கோடுகளை எல்லாம் ஒவ்வொன்றாகத் திரையில் வரவழைத்துப் பார்த்தாள். எட்டு தடவையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள். அவள் முகம் வெளிறிக்கொண்டே வந்தது.

"தப்பு என்மேல ஐயா. உங்கள உள்ள விட்டிருக்கவே கூடாது." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவன் அவங்கள நினைக்கும்போதெல்லாம் நீங்க பக்கத்துல இருந்திருக்கீங்க. தலை உங்க மடியில. நினைவு திரும்ப உள்ள போகும்போது உங்க வாசனையையும் சேத்துத்தான் எழுதியிருக்கு. மொத தடவ கொஞ்சூண்டு. அடுத்த தடவ இன்னும் கொஞ்சம். தைலம், சோப்பு எல்லாத்தையும் தடுத்தேன், ஆள் வாசனைய நினைக்கவே இல்ல."

"எனக்கு ஒண்ணுமே தெரியலையேம்மா. ஏழாவதுல வெறும் காத்துதான் வந்துச்சு."

"யாருக்கும் தன் வாசனை தெரியாதுய்யா. மூக்கு அதைக் கணக்குலயே எடுக்காது."

அவர் தன்னுடைய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் ரேகை என்று முதல் நாளே இந்தப் பெண் சொன்னாள்.

"அப்போ அவன் அவள மறந்துட்டானா?"

"மறக்கல." அவள் சரியான சொல்லைத் தேடினாள். "அவன் காத்துக்கிட்டிருந்த ஆள் நீங்கன்னு ஆயிருக்கு."

பிறகு இன்னொன்றும் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் அவள் நேர்மையான பெண். கடைசியாக ஒரு முறை, அவர் உள்ளே வராமல், கண்ணாடிக்கு வெளியே இருந்தால், அடியில் இருப்பதைத் தனியாகப் பிரித்து எடுத்துவிட முடியும். பிலோமி மட்டும். முதல் குப்பியைப்போலவே வரும்.

"எடுத்தா?"

"அதுதான் வேர். அதை எடுத்துட்டா மேல இருக்கிறதும் நிக்காது. வீட்டுல சோறு வைக்கிற ஆளா உங்களத் தெரியும். அவ்வளவுதான்."

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பதிந்துகொள்ளச் சொன்னார் டைட்டஸ். மெர்சிக்கு ஐந்து மூச்சு, தனக்கு ஐந்து என்று ஆட்டோவில் வரும்போது மனம் தானாகவே பங்கு பிரித்தது. நாய் இன்னும் இரண்டு மாதம் இருக்கும், மிஞ்சினால் மூன்று. அதற்குப் பிறகு எப்படியும் எல்லாம் மண்ணுக்குள்தானே போகப்போகிறது? அப்படியும் சொல்லிக்கொண்டார்.

ஆட்டோ தெருவில் திரும்பியபோது மணி ஐந்தே முக்கால்.

கேட்டின் கம்பிகளுக்குப் பின்னால் சுண்டல் உட்கார்ந்திருந்தது. பழைய இடம். பழைய மாதிரி, காது இரண்டும் தூக்கியிருந்தது.

"நீங்க ஆட்டோ ஏறுனதுலேர்ந்து அங்கனதான் கெடக்கான்" என்று சேவியர் சுவருக்கு மேலிருந்து சொன்னான். "சோறு வச்சேன், திரும்பிக்கூடப் பாக்கல. கூப்பிட்டா உறுமுதான். மறுபடி டூட்டியில சேந்துட்டான் போல."

டைட்டஸ் கேட்டைத் திறந்தார். நாய் எழுந்தது. பின்னங்கால்கள் ஒத்துழைக்கவில்லை, இரண்டாம் முயற்சியில்தான் நின்றது. பிறகு சுற்ற ஆரம்பித்தது. ஒன்று. இரண்டு. மூன்றாவது சுற்றில் தடுமாறிச் சுவரில் சாய்ந்து, சமாளித்து, முடித்தது. தும்மல் போட்டது. அவர் அசையாமல் நின்றார். அது வந்து அவருடைய இடது மணிக்கட்டை வாயில் கவ்வியது. பல் விழுந்த ஈறுகள் கடிகாரப் பட்டைக்குக் கீழே வெதுவெதுவென்று பட்டன.

பதின்மூன்று வருடத்தில் அவருக்கு இதை அது செய்ததில்லை. இது அவருக்குரியதும் இல்லை. வேறொருத்திக்கு வந்த கடிதத்தைப் பிரித்துப் படிப்பதுபோல அவருக்குக் கூசியது. கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை.

சுண்டல் அவரைச் சமையலறைக்கு இழுத்துப் போனது. மேடைக்கு முன்னால் நிறுத்தி நிமிர்ந்து பார்த்தது. கையை விடவில்லை. அவர் வெறுங்கையோடு வந்திருந்தார்.

"பொறு ராசா" என்றார் டைட்டஸ். "செருப்பக் கழத்திக்கிடுதேன்."

சொன்ன பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று உறைத்தது. நாய் பொறுக்கவில்லை. வால் மேடையின் காலைத் தட்டிக்கொண்டே இருந்தது.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. வலது கையால் எடுத்துப் பார்த்தார். வியாழக்கிழமை பத்து மணி, உறுதி செய்ய ஒன்றை அழுத்தவும், ரத்து செய்ய இரண்டை அழுத்தவும் என்றது. கட்டைவிரல் ஒன்றின் மேல் ரொம்ப நேரம் நின்றது. முந்திரியும் தீய்ந்த சர்க்கரையும் அவருக்கு வேண்டியிருந்தது. இந்த நிமிஷம்கூட வேண்டியிருந்தது. மணிக்கட்டில் ஈறுகள் லேசாக இறுகின, ரப்பர் பேண்டுகளைத் தேடுவதுபோல.

அவர் இரண்டை அழுத்தினார். பிறகு நாயின் வாயிலிருந்து கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, கழற்றாத செருப்போடு அப்படியே வெளியே போனார். பேக்கரி ஆறரைக்கு மூடிவிடும். டாக்டர் இனிப்பு கூடாது என்று சொன்னது நினைவுக்கு வந்தது. உடைந்தது ஒன்றே ஒன்று கேட்டு வாங்கலாம்.

தெருமுனையில் நின்று திரும்பிப் பார்த்தார். கேட்டுக்குப் பின்னால் சுண்டல் உட்கார்ந்துவிட்டிருந்தது. டைட்டஸ் இடது மணிக்கட்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். நாயின் எச்சில் வாசனை வந்தது. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை ஆழமாக இழுத்தார். அதற்கு அடியில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.